விலாசம் சொல்லாத கேஸ்

காலேஜை விட்டு வெளியே வந்துவிட்டால் மாட்டு டாக்டருக்குப் பாடம் சொல்ல ஆள் கிடையாது. நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், பம்பாயில் எனக்குத் தெரிந்து தமிழ் பேசுகிற மாட்டு டாக்டர்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்வதற்காக, ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டு மெஸ்ஸின் மாடியறையில் கூடுவோம். எங்கள் பூட்ஸில் சாணி நாறுகிறது என்று மெஸ்காரர் எங்களைப் பின்பக்கப் படியால்தான் ஏறவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாறத்தான் நாறினோம்.

முதலில் லண்டனிலிருந்து வரும் வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரையை யாராவது வாசித்துச் சொல்வார்கள். அது கப்பலில் மாதக் கணக்கில் தாமதித்து வரும். சில இதழ்கள் வராமலே போய்விடும். "அதெல்லாம் சமுத்திரத்துக்கு அடியிலே மீன் படிச்சிண்டிருக்கும்" என்பார் எங்களில் மூத்தவர். நாங்கள் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். மைக்ராஸ்கோப் அவருடையது. எங்கள் ஐந்து பேருக்கும் அது ஒன்றுதான். ஜன்னலோரம் வெயில் விழுகிற இடத்தில் அதை வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். வேறு யாரையும் திருகாணியைத் தொடவிடமாட்டார்.

வாசிப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு கேஸ் சொல்லவேண்டும். என்ன மிருகம், என்ன குறி, என்ன கொடுத்தோம், பிழைத்ததா செத்ததா. எல்லாம் சொல்லலாம். எங்கே என்று மட்டும் சொல்லக்கூடாது. "ஒரு தபேலா, ஒரு எருமை" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். தபேலா என்றால் பம்பாயில் எருமைத் தொழுவம். நகரத்துக்கே பால் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது, எங்கள் பிழைப்பும்தான். கூட்டம் தொடங்கிய புதிதில் ஒருவர் விலாசத்தோடு ஒரு கேஸைச் சொன்னாராம். அடுத்த மாதம் அந்தத் தபேலாவுக்கு எங்களில் இன்னொருவர் டாக்டர் ஆகிவிட்டாராம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. நான் சேர்ந்தபோது பெரியவர் என்னிடம் முதலில் சொன்ன விஷயமே இதுதான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க நல்ல வழி என்றுகூட நினைத்தேன்.

அந்த வருஷம் மழைக்கு முந்தைய புழுக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செம்பூரில் நான் பார்த்துக்கொண்டிருந்த தபேலாவிலிருந்து ஆள் வந்தது. நான் போவதற்குள் எருமை செத்துக் கிடந்தது. ராத்திரி நன்றாகப் பால் கறந்த எருமை. வயிறு உப்பி, கால்கள் விறைக்காமல், மூக்கிலிருந்து தார் மாதிரி ரத்தம் வடிந்திருந்தது. ரத்தம் உறையவே இல்லை. கத்தியை எடுக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காது நுனியைக் கொஞ்சம் கீறி ஒரு சொட்டு ரத்தத்தை மட்டும் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டேன்.

பெரியவர் வீட்டுக்குப் போய் நீலச் சாயம் போட்டுப் பார்த்தேன். மூங்கில் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த மாதிரி கிருமிகள். சந்தேகமே இல்லை, ஆந்த்ராக்ஸ். ஊரில் அடைப்பான் என்பார்கள். மாட்டைக் கொல்லும், அதன் தோலைத் தூக்குகிற மனிதனையும் கொல்லும். தோலிலும் மண்ணிலும் வருஷக் கணக்கில் சாகாமல் உட்கார்ந்திருக்கும். பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "பாடப் புஸ்தகத்திலே போடலாம்போல இருக்கு ஓய்" என்றார். எங்கே செத்தது என்று அவர் கேட்கவில்லை.

நான் திரும்பச் செம்பூருக்கு ஓடினேன். தோலை உரிக்கக்கூடாது, ஆளுயரத்துக்குக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கவேண்டும் என்று தபேலாக்காரரிடம் சொன்னேன். அவர் வடக்கத்திக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். "ஹோ ஜாயேகா, டாக்டர் சாப்" என்றார், எல்லாம் ஆகிவிடும் என்று. முறைப்படி நான் உடனே அதிகாரிகளுக்கு எழுதியிருக்கவேண்டும். எழுதினால் தபேலாவைப் பூட்டிவிடுவார்கள். அவருடைய இன்னும் மூன்று தபேலாக்களும் என் கையை விட்டுப் போகும். நாளைக்கு எழுதலாம் என்று ஒத்திப்போட்டேன்.

மறுநாள் காலையில் போனபோது குழி மூடியிருந்தது. மேலே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. அதைப் பார்த்தவுடனே, எருமையைப் புதைக்கவில்லை, தோலுக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கன்றுக்குட்டிகூட நீட்டிப் படுக்க முடியாத குழி அது. பின்சந்துப் பக்கமாகக் கைவண்டிச் சக்கரத் தடம் போயிற்று. தடத்தோடு ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்னக் குழியில் எப்படி என்று கேட்டேன். "பைர் மோட் கே டாலா, சாப்" என்றார். காலை மடக்கிப் போட்டுவிட்டோம் என்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டு, மற்ற எருமைகளுக்குத் தடுப்பு ஊசி போட ஆரம்பித்தேன். அதிகாரிகளுக்கு எழுதவில்லை. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் என் கழுத்தை நானே திருகவேண்டும் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் மிக நன்றாகப் பேசினேன். "ஒரு தபேலா, ஒரு எருமை" என்று ஆரம்பித்து, உறையாத ரத்தம், கத்தி எடுக்காமல் காதைக் கீறினது, நீலச் சாயம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். கண்ணாடித் தகட்டை எல்லோரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்துகொண்டார்கள். மெஸ்ஸிலிருந்து வந்த காப்பி ஆறிப்போனது. பெரியவர், "இதுக்குப் பேர்தான் கேஸ்" என்றார்.

ஒருவர் மட்டும் படம் வரையவில்லை. அவர் தாராவியில் இருந்த டாக்டர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். அவருடைய அண்ணன் தாராவியில் தோல் கிட்டங்கி, அதாவது தோல் குடோன், வைத்திருந்தார். குடும்பத்தில் எல்லோரும் செத்த மாட்டை வைத்துப் பிழைக்க, இவர் ஒருவர்தான் உயிரோடிருக்கிற மாட்டைப் பார்க்கப் போனவர் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"தோல என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"சுண்ணாம்பு போட்டுப் புதைச்சாச்சு" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"குழியை நானே பார்த்தேன்."

அவர் விடவில்லை. "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்களேன். எங்க அண்ணன் கிட்டங்கிக்கு எல்லாப் பக்கத்துச் சரக்கும் வருது."

நான் பெரியவரைப் பார்த்தேன். என்னை அவர் காப்பாற்றுவார் என்று தெரியும். "ஓய், அது நம்ம வழக்கம் இல்லை. தோலைத்தான் புதைச்சாச்சுங்கறாரே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்தவர் ஒரு குதிரையின் நொண்டலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அண்ணன் கிட்டங்கியில் தோல் கட்டுகளைத் தோளில் சுமக்கிற ஆள் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி வந்திருக்கிறது என்றார். புதன்கிழமை அரிப்பு. வியாழக்கிழமை தெரு டிஸ்பென்ஸரி டாக்டர் சாதாரணக் கட்டி என்று நினைத்துக் கத்தியால் கீறிவிட்டார். ஆந்த்ராக்ஸ் புண்ணைக் கீறவே கூடாது. கீறினால் விஷம் ரத்தத்தில் பரவும்.

"நான் போயி அந்த டாக்டர்ட்ட சொன்னேன். இது அடைப்பான் புண்ணு மாதிரி இருக்கு, கைய வைக்காதீங்கன்னேன். நீ எந்த மாட்டுக்கு வைத்தியம் பாக்க வந்தேன்னு கேட்டான்." சொல்லிவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "உங்க எருமை எந்தப் பக்கம், டாக்டர்? கிட்டங்கியில நூத்துக்கணக்குல தோல் கெடக்கு. எந்தப் பக்கத்துச் சரக்குன்னு தெரிஞ்சா அந்தக் கட்ட மட்டும் பிரிச்சு எடுத்துருவேன். மத்த ஆளுகளையும் தொடவிடாம பாத்துக்கிடலாம்."

அப்போதும் நான் சொல்லவில்லை. "அதைத்தான் புதைச்சாச்சே" என்றேன். பிறகு, "நாளைக்குக் காலையில நானே வந்து அந்த ஆளைப் பார்க்கிறேன்" என்றேன். ஒரு உபகாரம் செய்கிறவன் மாதிரி சொன்னேன். அவர் படியிறங்கிப் போனார்.

சனிக்கிழமை காலை தாராவிக்கு நடந்தே போனேன். அந்த ஆளுக்கு முப்பது வயது இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தலையைத் திருப்ப முடியாமல். கழுத்தும் தாடையும் ஒன்றாக வீங்கியிருந்தன. தாராவி டாக்டர் என்னை மாட்டு டாக்டர் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏளா, மாட்டு டாக்டரு வந்திருக்காக. கயித்த எடுத்தாந்து என்னையக் கட்டு" என்றார் மனைவியிடம். பிறகு என்னிடம், "முட்டமாட்டேன், பயப்படாம பாருங்க" என்றார்.

காலரை விலக்கிப் பார்த்தேன். காதுக்குக் கீழே, தோல் கட்டு வந்து உட்காருகிற இடத்தில், நடுவில் கரிக்கட்டையாகக் கறுத்து, சுற்றிலும் கொப்புளம் கட்டிய புண். கீறின வாய் திறந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியே இல்ல, அதான் ஆச்சரியமா இருக்கு" என்றார். இந்தப் புண் வலிக்காது. அதையும் நாங்கள் கூட்டத்தில் வாசித்திருக்கிறோம். தோல் தொழிலாளிகளின் கறுப்புப் புண்ணைப் பற்றிய கட்டுரையை, முந்தைய வருஷம், நானே எழுந்து நின்று வாசித்தேன்.

வெளியே வந்து தாராவி டாக்டரிடம், "செம்பூர்" என்றேன். தபேலாவின் பெயரையும் சொன்னேன், குழி சின்னதாக இருந்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கிட்டங்கிப் பக்கமாக ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டாக்டர் தெருவில் ஓடுவதைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கினார்கள். செம்பூர்ச் சரக்குக் கட்டை அண்ணனும் தம்பியுமாகத் திறந்த வெளியில் போட்டு எரித்தார்கள். அந்தக் கட்டைத் தொட்டிருந்த இன்னொருவருக்கு மணிக்கட்டில் ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. அவரைக் கையோடு ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் பிழைத்துக்கொண்டார். கழுத்துக்காரரையும் அன்றைக்கே சேர்த்தோம். புது மருந்து பென்சிலின் ராணுவத்துக்கு மட்டும் என்றார்கள். சீரம் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஸல்பா மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் நெஞ்சுவரை இறங்கியது. செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சு நின்றுவிட்டது.

அதற்குள் என் மனசு ஒரு சமாதானத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. எருமை செத்தது செவ்வாய். தோல் மறுநாளே தாராவிக்குப் போயிருக்கும். அந்த ஆள் அதைப் புதன் அல்லது வியாழனே தூக்கியிருப்பார். புண் வெளியே தெரிய ஒரு வாரம்கூட ஆகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் விலாசத்தைச் சொல்லியிருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. உரிக்கவிட்டது என் குற்றம்தான், ஆனால் அதில் தபேலாக்காரருக்கும் பாதி உண்டு. இப்படிப் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். செம்பூர் என்று ஆரம்பித்து, தபேலாவின் பெயர், குழி, தலையாட்டல், வெள்ளிக்கிழமை சொன்ன பொய், செத்துப்போன ஆள். தாராவி டாக்டர் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. பெரியவர் மைக்ராஸ்கோப்பின் மேல் துணியைப் போட்டு மூடினார். "இதை இங்கே சொல்லியிருக்க வேண்டாம், ஓய்" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "எனக்கும் ஒண்ணு உண்டு. குர்லாவிலே. அந்தத் தோல் எங்கே போச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியாது" என்றார். மற்ற இருவரும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வேறு கேஸ் யாரும் சொல்லவில்லை. நான் அதிகாரிகளுக்கு எழுதினேன், செம்பூர்த் தபேலாவைப் பூட்டினார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டு டாக்டரை யார் கேட்பார்கள்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, செத்துப்போனவரின் மனைவி ஊருக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டுத் தாராவிக்குப் போனேன். அவளுடைய தம்பி டிக்கெட் வாங்கப் போயிருந்தான். ஒரு தகரப் பெட்டியும் இரண்டு மூட்டைகளும் கட்டி வாசலில் இருந்தன. எதற்காகப் போனேன்? மன்னிப்புக் கேட்க என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தச் சமாதானத்தை இன்னொருவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசைதான் என்று தோன்றுகிறது.

அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அந்தத் தோல் நான் பார்த்த எருமையுடையது. உரித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் டாக்டர்கள் கூடிப் பேசின ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதலாளியின் தம்பி எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார், நான் சொல்லவில்லை.

அவள் அழுவாள், இல்லாவிட்டால் ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த நாயித்துக்கெழம?"

சொன்னேன்.

"மொத நாளா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அவுக அந்தக் கட்ட எறக்குனது திங்கக்கெழம காலைலய்யா. வண்டி அன்னைக்குத்தான் வந்துச்சு. கட்டுக் கம்பி இழுத்துச் சட்ட தோள்ல கிழிஞ்சுபோயி வந்தாக. நாந்தான் ராத்திரியே தச்சுக் குடுத்தேன். நல்லா நெனப்பிருக்கு."

திங்கட்கிழமை. நாங்கள் மாடியில் காப்பியை ஆறவிட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தோல் இன்னும் தாராவிக்கே வந்து சேரவில்லை. தாராவி டாக்டர் என்னைக் கேட்டபோது அவருடைய அண்ணனின் ஆள் முழு ஆரோக்கியத்தோடு எங்கேயோ உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்திருப்பார். நான் ஒரே ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். அவள் மேற்கொண்டு என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அவள் பேசி முடித்தபோது, இத்தனை நடந்தபிறகும் என்னுள் இருந்த மாட்டு டாக்டர் ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தச் சட்டை இப்ப எங்கே?"

"பெட்டிக்குள்ள இருக்கு. அவுகளோடதுன்னு அது ஒண்ணத்தான் கொண்டுபோறேன்."

அதை எரிக்கவேண்டும் என்றேன். ஏன் என்று சொன்னேன். துணியில் அந்தக் கிருமி சாகாது, துவைத்தாலும் போகாது, ஊரில் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டால் அவர்களுக்கும் வரும். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையுமாய்யா?"

"ஆமாம்மா."

பெட்டியைத் திறந்தாள். சட்டை மேலேயே மடித்து வைத்திருந்தது. கையால் தொடாதீர்கள், ஒரு குச்சியால் எடுங்கள் என்று நான் சொல்வதற்குள் அதை எடுத்து மடியில் போட்டு, தோளில் தான் போட்ட தையலை விரலால் ஒருமுறை தடவிவிட்டாள்.